அரை ஆம்பியர்

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு, மேஸ்திரியம்மா. ஆனா விடிஞ்சா வண்டி செத்துக் கெடக்கு."

பொன்னுலிங்கத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கப்பல் வேலையை விட்டுவிட்டு, மகள் வயதுள்ள முத்துக்கனியிடம் கார் வயரிங் பழக வந்தவர்.

"அளந்தீங்களா, அண்ணே?"

"நிக்கயில பன்னெண்டரை வோல்ட்டுக்கு மேல. ஓடயில பதினாலு. ரெண்டும் சரி."

"அப்ப ராத்திரி எதுவோ குடிக்குது."

தூத்துக்குடி வெயில் உப்பளத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. வண்டிக்காரி பிலோமினா ஓரமாக நின்றாள். அவள் அம்மாவுக்கு ரத்தம் சுத்திகரிக்க வாரம் தவறாமல் விடிகாலையில் ஆஸ்பத்திரி போகவேண்டும். போன வாரம் வண்டி கிளம்பவில்லை. கிழவி மூச்சு முட்டிப் பிழைத்ததே பெரிய பாடு.

முத்துக்கனி சாவியை எடுத்தாள். கதவுகளைச் சாத்தினாள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மல்டிமீட்டரைக் கோத்தாள்.

அரை ஆம்பியர்.

"தூங்குற வண்டிக்கு இது ரொம்ப ஜாஸ்தி" என்றாள். "ஒவ்வொரு ஃபியூஸா உருவுங்க."

பொன்னுலிங்கம் உருவினார். விளக்கு, மீட்டரில் எண் அசையவில்லை. ஹாரன், அசையவில்லை. அடுத்ததை உருவியதும் எண் சுருண்டு விழுந்தது.

"ரேடியோ!" சந்தோஷமாகக் குனிந்து உள்ளே பார்த்தார்.

ரேடியோ இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பொந்து.

வயர் முனைகளில் டேப் சுற்றியிருந்தது. முத்துக்கனி அதைப் பிரித்தாள். செம்பு பளபளத்தது. எதையும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை. வழிநெடுகச் சோதித்தாள். எங்கும் கசிவில்லை.

ஃபியூஸைத் திரும்பப் போட்டாள்.

அரை ஆம்பியர்.

"ரேடியோ எங்கக்கா?"

பிலோமினா அந்தப் பொந்தைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அது உசிரு. கடலுக்குப் போகாத நாள்ல ராத்திரி பூரா வண்டியில உக்காந்து கேப்பாரு. அதான், அவரு பெட்டியிலேயே வச்சு அடக்கம் பண்ணிட்டோம்."

பொன்னுலிங்கம் சட்டென்று குனிந்தார். ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் இறுக்கிக்கொண்டார்.

"இத இனிப் போடவே வேண்டாம். வண்டி சரியாயிரும்."

"கேக்கவேண்டியது அவங்கள" என்றாள் முத்துக்கனி.

பிலோமினா உள்ளங்கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் கழட்டி வச்சிருதேன்" என்றாள். "மத்த நாள் சார்ஜ் போட்டுக்கிடுதேன்."

அவளே அதை அழுத்திப் பொருத்தினாள். மீட்டரில் எண் ஏறி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள்.

பொன்னுலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"மேஸ்திரியம்மா, வயர் எங்கயும் போகல. கரண்ட் மட்டும் எப்படிப் போகுது? அளந்து பாக்காம விடலாமா?"

முத்துக்கனி மீட்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அதன் சிவப்பு வயர் முனையை எடுத்து, பொந்துக்குள் தெரிந்த செம்பில் தானே வைத்துப் பிடித்தாள்.

"அளங்கண்ணே. கரண்ட் போய்ச் சேருற எடத்துலல்லா கறுப்பு முனைய வைக்கணும். எங்க வைக்கப்போறீங்க?"