எத்தனை தொப்பிக்கும் ஒரு நூலுருண்டை

இக்கதை, கிழக்குக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில், சித்தி ஜுலைஹா என்னும் அம்மையார் சொல்லக் கேட்டது. ஆண்டு 1984, ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு முற்பகல். சொல்லும்போது அவர் கை தொப்பி பின்னிக்கொண்டே இருந்தது. கை நின்ற இடத்தில் கதையும் நின்றது. அந்த நிறுத்தங்கள் இங்கே வெற்றிடமாக விடப்பட்டுள்ளன.

*

"என்கிட்டே ஒண்ணுமே இல்லை, உஸ்தாத்பீ. ஆனா ஒரு தொப்பி பின்னணும்."

சொன்னவள் ரஹ்மத் நாச்சி. ரொட்டி சுட்டு விற்று வாழ்ந்த கைம்பெண், ஐம்பதைத் தொட்டவள்.

கேட்டவள் ஹலீமா; நாச்சியைவிட இருபது வயதாவது இளையவள், அக்கா என்னும் பொருளில் அவளை லாத்தா என்பாள். கடலைப் பார்த்த ஒற்றை அறையில் தனியே இருந்து பெண்களுக்கு ஓதிக்கொடுத்தாள். அதனால் ஊர் அவளை உஸ்தாத்பீ என்றது. ஓதிக்கொடுக்காத வேளைகளில் கொக்கி ஊசியால் தொப்பி பின்னுவாள்.

"ஒண்ணுமேவா?"

"ஊசி இல்லை. நூல் இல்லை. பின்னத் தெரியாது. காசும் மட்டு."

"வேறே என்ன இருக்கு, லாத்தா?"

நாச்சி யோசித்தாள்.

"தம்பி இருக்கான்."

"இருக்கானா?"

"கப்பல்லே இருக்கான்."

*

தம்பியின் பெயர் மீராசா. ரங்கூனில் ஒரு பெண்ணை நிக்காஹ் செய்து, அவளோடு ஊர் வந்தான். வாசற்படியில் நாச்சி நின்றாள். பெண் சிரித்தாள், அவளுக்குத் தமிழ் வராது.

"பேசத் தெரியாதவளுக்கு இந்த வீட்டிலே என்ன வேலை?" என்றாள் நாச்சி. கதவைச் சாத்தினாள்.

அவன் தட்டவில்லை. அந்தப் பகலிலேயே இருவரும் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். அதன்பின் பல மழைக்காலங்கள் போயின.

இப்போது அவர்கள் வரும் கப்பல் அடுத்த பிறையில் இங்கே ஒரு பகல் மட்டும் நிற்கும் என்று ஒரு மாலுமி சொல்லியிருந்தான்.

"உங்க வீட்டுக்கு வருவாரா?"

"வரமாட்டான். வாப்பாவை அடக்கின கபுருக்குப் போவான். எங்க தெரு வழியாத்தான் போகணும்."

"அப்போ வாசல்லே நின்னு கூப்பிட வேண்டியதுதானே?"

"வாய் வராது, உஸ்தாத்பீ. கையிலே ஏதாவது இருந்தா நீட்டிடுவேன். அந்தப் பகலை விட்டா அப்புறம் அவனும் இல்லை, நானும் இல்லை."

ஹலீமா நாச்சியின் கக்கத்தைப் பார்த்தாள்.

"அந்தக் குடை?"

"கிழிஞ்சுபோச்சு. மழைக்கு ஆகாது."

"மழைக்கு யார் கேட்டா."

குடையிலிருந்து ஒரு கம்பியை உருவினாள். கல்லில் நுனியைத் தேய்த்தாள். அரத்தின் முனையால் பக்கத்தில் ஒரு சின்ன வாய் வெட்டினாள். கொக்கி ஆயிற்று. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், கீறவில்லை. கொடுத்தாள்.

"நூல் ஓர் உருண்டை வாங்குங்க."

"ஒண்ணு போதுமா ஒரு தொப்பிக்கு?"

"எத்தனை தொப்பிக்கும் போதும்."

நாச்சிக்கு மேனி சிலிர்த்தது. இது எடுக்க எடுக்கக் குறையாத பரக்கத்து நூல் போலும் என்று எண்ணினாள்.

"அப்போ நூலை வாங்கிட்டு வரேன். ஓதி ஊதித் தருவீங்களா?"

"ஊதினாப் பறந்துபோகும், லாத்தா."

*

ஹலீமா கற்றுக்கொடுத்தது மிகச் சிறிது. நடுவில் ஒரு வளையம். அதைச் சுற்றிக் கண்ணிகள். சுற்றுக்குச் சுற்று கண்ணி பெருகவேண்டும். தலையளவு வந்ததும் பெருக்குவதை நிறுத்தினால், பின்னல் தானே கீழே மடங்கி இறங்கும்.

"தலையளவு வந்தது எப்படித் தெரியும்?"

"உங்க தம்பி தலை உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். உம்மா இறந்தபின் அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்தவள் அவள்தான். உள்ளங்கையைக் குவித்தாள், தலை அங்கே இருந்தது.

*

காலையில் ரொட்டிக் கடை. மதியம் அடுப்பு அணைந்ததும் பின்னல். நூல் விரலிடையே வழுக்கி வந்தது. வெளியே கடல் வெயிலில் அசையாமல் கிடந்தது. பின்னுகிறோமா, தூங்குகிறோமா என்று அவளுக்கே சில வேளை தெரியவில்லை.

முதல் தொப்பி முடிந்தது. ரொட்டி வாங்க வந்த பக்கத்து வீட்டு உம்மு சல்மா அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்கு நாச்சி? உன் பூனைக்கா?"

நாச்சி பார்த்தாள். அது ஏழு வயதுப் பிள்ளையின் தலைக்குரியது. அவள் உள்ளங்கைக்குத் தெரிந்த தலை அதுதான்.

முகம் சுட்டது. கத்தரிக்கோலை எடுத்தாள். உருண்டையிலிருந்து தொப்பியை அறுத்தாள். தொப்பியையும் துண்டு துண்டாக்கினாள். யார் கண்ணிலும் படாமல் தலையணைக்குள் திணித்தாள்.

அடுத்ததைப் பெரிதாக்கத் துணிந்தாள். துணிவு மிஞ்சிப்போயிற்று. ஓரமெல்லாம் அலை அலையாகச் சுருண்டது.

"இது ஆப்பம்," என்றாள் உம்மு சல்மா. "ரொட்டிக் கடையிலே ஆப்பம் எப்போ ஆரம்பிச்சே?"

அதுவும் துண்டாகித் தலையணைக்குள் போயிற்று. அடுத்தது கைப்பயத்தில் இறுகி, கொக்கியே உள்ளே நுழையாத கல்லாயிற்று. அதுவும்.

தலையணை பருத்தது. அதில் சாய்ந்து மதியத்தில் கண்ணயர்ந்தால் ஒரே கனவு. கடல் கண்ணி கண்ணியாகப் பின்னிக்கொண்டு தெருவில் ஏறி வருகிறது. அதன்மேல் நடந்து இருவர் வருகிறார்கள். வாசற்படிவரை வருகிறார்கள். அவள் குனிந்து தன் கையைப் பார்க்கிறாள். கையில் கத்தரிக்கோல்.

*

"நூல் தீர்ந்துபோச்சு, உஸ்தாத்பீ."

ஹலீமா சலவைத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிறைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. இன்னோர் உருண்டை வாங்க வழியில்லை. எத்தனை தொப்பிக்கும் போதும்னீங்க. ஒரு தொப்பிக்கே காணலை."

"நூல் எங்கே?"

"தப்பாப் போச்சு."

"தப்பு எங்கே?"

நாச்சி முக்காட்டை இழுத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்.

"தலையணைக்குள்ளே."

"தூக்கம் வருதா?"

"வருது. கனவும் வருது."

ஹலீமா கடைசித் துணியை உதறினாள்.

"நாளைக்குக் கடைக்கு வரேன். ரொட்டி எடுத்து வைங்க. ஓரம் முறுகலா."

*

வந்தாள். முறுகலான ரொட்டியைப் பொறுமையாகத் தின்றாள். தொட்டுக்கொள்ளச் சர்க்கரை கேட்டாள். நாச்சி பிறைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். உஸ்தாத்பீயோ விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மூலையில் இருந்த மாவு மூட்டையைக் காட்டினாள். இன்னும் திறக்காத மூட்டை. அதன் வாயை வெள்ளை நூலால் எந்திரம் தைத்திருந்தது.

"இதை எப்படித் திறப்பீங்க, லாத்தா?"

"எப்படின்னா? கத்தரியை வெச்சு அறுப்பேன். ஊரே அப்படித்தான் திறக்குது."

ஹலீமா மூட்டையின் முன் குந்தினாள். தையலின் ஓர் ஓரத்தைப் பார்த்தாள்; விட்டாள். மறு ஓரத்துக்குப் போனாள். அங்கே நூலின் நுனியை நகத்தால் கிள்ளி எடுத்து, இழுத்தாள்.

சர்ரென்று ஒரு மெல்லிய ஓசை. தையல் ஓடியது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, தடையின்றி, ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணிகள் தம்மைத் தாமே விட்டுக்கொண்டன. மூட்டை வாய் திறந்தது. மாவின் வாசம் எழுந்தது. ஹலீமாவின் மடியில் நீள நூல் சுருள் சுருளாக விழுந்து கிடந்தது, எங்கும் அறாமல்.

"தையல் எங்கே போச்சு, லாத்தா?"

நாச்சி மூட்டையைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

ஹலீமா நூலை விரலில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"இது எனக்கு. என்கிட்டேயும் நூல் இல்லை."

*

அன்று மதியம் நாச்சி தலையணையைப் பிரித்தாள். துண்டுகளைத் தரையில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் நுனி தேடினாள். இழுத்தாள். பூனைத் தொப்பி நூலாயிற்று. ஆப்பம் நூலாயிற்று. கல்லும் இளகி நூலாயிற்று.

ஆனால் எல்லாம் சிறு சிறு நூல். கத்தரி போன இடத்தில் எல்லாம் அவள் முடிச்சுப் போடவேண்டியிருந்தது. உருண்டை மறுபடி உருண்டையாயிற்று. முள் முளைத்த உருண்டை.

அதை எடுத்துக்கொண்டு ஹலீமாவிடம் போனாள்.

"முடிச்சையெல்லாம் உள்பக்கமா வெச்சுப் பின்னிடட்டுமா? வெளியே தெரியாதே."

"தலைக்குத் தெரியும்."

"அப்போ வெளிப்பக்கமா?"

"ஊருக்குத் தெரியும்."

"நான் என்ன செய்ய?"

"பின்னுங்க," என்றாள் ஹலீமா. கதவடியில் கிடந்த கடல்மணலைப் பெருக்கத் தொடங்கினாள்.

*

பிறை தென்பட்டது. கப்பல் வந்தது.

நாச்சி அன்று கடை திறக்கவில்லை. வாசலுக்கு நேராக உள்ளே உட்கார்ந்து பின்னினாள். இறங்கவேண்டிய சுற்றுகள் இன்னும் பாக்கி. பிழை வந்தபோதெல்லாம் இழுத்தாள். நூல் அவளிடமே திரும்பி வந்தது. முடிச்சுகள் சில உள்ளே போயின, சில வெளியே. மூடுபனி போல் ஒரு வெயில் தெருவில் படிந்திருந்தது. தெரு அதன் அடியில் மிதப்பது போலிருந்தது.

அந்த வெயிலுக்குள்ளிருந்து இருவர் வந்தார்கள்.

முன்னால் அவன். தலை நரைத்திருந்தது. அவள் உள்ளங்கை அறிந்த தலையல்ல அது. பின்னால் அந்தப் பெண். அவன் வீட்டைப் பார்க்காமல் நடந்தான்.

நாச்சி எழுந்தாள். சொல்ல வாயெடுத்தாள். வாய் வரவில்லை. எழுந்த வேகத்தில் கொக்கி கண்ணியைவிட்டு நழுவிற்று. மடியிலிருந்த உருண்டை விழுந்து, தரையில் உருண்டு, படியிறங்கி, தெருவைக் கடந்து, அந்தப் பெண்ணின் காலடியில் போய் நின்றது.

பெண் குனிந்து எடுத்தாள். தன் கையிலிருந்து வீட்டுக்குள் போகும் நூலைப் பார்த்தாள். அதைச் சுற்றிக்கொண்டே மெல்ல நடந்து வந்தாள். மீராசா நின்றுவிட்டான்.

வாசற்படியின் கீழ் அவளும் நின்றாள். கதவு சாத்தப்பட்ட இடம் அது. அதற்குமேல் கால் வைக்கவில்லை. குனிந்த தலையோடு நூலை மட்டும் சுற்றினாள். நூல் நேராயிற்று. இழுபட்டது.

நாச்சியின் கையில் தொப்பி அசைந்தது. கொக்கியில்லாத கண்ணி அவிழ்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிச் சுற்று முழுவதும் அவள் கண்ணெதிரே ஓடிப்போயிற்று. மேற்சுற்றும் ஓடத் தொடங்கியது.

பெண் நிமிர்ந்தாள். என்ன செய்துவிட்டோம் என்று கண்டாள். கை நின்றது.

"பிரியுது, லாத்தா," என்றாள். தமிழில் சொன்னாள்.

நாச்சி தொப்பியைப் பார்க்கவில்லை.

"பிரியட்டும்," என்றாள். "உள்ளே வா."

*

சித்தி ஜுலைஹா இவ்விடத்தில் ஊசியைக் கீழே வைத்தார்.

மேலத்தெருவார் இதை வேறாகச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதையில் கப்பல் வருவதில்லை. நாச்சி தொப்பியை முடிக்கிறாள். நுனியைப் பிடித்து இழுக்கிறாள். அதே நூலில் மறுபடி தொடங்குகிறாள். ஒவ்வொரு தொப்பியிலும் தம்பிக்குக் கொஞ்சம் வயது ஏறுகிறது. அந்த வீட்டுக் கதவை அதன்பின் யாரும் சாத்தக் கண்டதில்லை என்கிறார்கள்.