கோட்டோடு போன அப்பளக் கம்பெனி

தென்காசிக்குப் பக்கத்தில் ஓர் அப்பளக் கம்பெனி இருக்கிறது. அப்பளம் நல்ல அப்பளம். அதைத் தேய்க்கிற அறுபது பெண்களும் நல்ல சூட்டிகையானவர்கள். அதை விற்கிற நான்கு ஆண்களைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலாளி உலகநாதன் அண்ணாச்சி. அவருக்குக் கீழே ஆவுடையப்பன், சுடலைமுத்து, இசக்கிராஜ் என்று விற்பனைக்கு மூன்று பேர். நால்வரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

வியாபாரம் படுத்துவிட்டது. சென்னையில் நாற்பது கடை வைத்திருக்கும் ஒரு கம்பெனி இவர்களிடம் அப்பளம் வாங்கலாமா என்று யோசித்தது. அந்த ஆர்டர் வராவிட்டால் ஆடி மாதத்தோடு கதவைச் சாத்த வேண்டியதுதான். அங்கிருந்து ரோஷினி மேடம் போன் செய்தார்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். எல்லாரும் கிராஃபோட ரெடியா இருங்க."

நால்வரும் நேரே சலூனுக்குப் போய் கிராப்பு வெட்டிக்கொண்டார்கள். சுடலைமுத்துவுக்கு வழுக்கைத் தலை. தன்னால் கம்பெனி கெடக் கூடாதே என்று மீசையையாவது வெட்டச் சொல்லி உட்கார்ந்தார். சலூன்காரருக்கே பாவமாக இருந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணாச்சியின் மகள் வடிவு, வீடியோ காலில் அந்த நாலு தலைகளையும் பார்த்துவிட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, அது கிராப்பு இல்ல, கிராஃப். விற்பனை ஏறுனது எறங்குனதைக் கோடாப் போட்டுக் காட்டணும்."

கோட்டை அவளே வரைந்து அனுப்பினாள். மேடத்திடம் சொல்ல நாலே நாலு இங்கிலீஷ் வார்த்தைகளும் எழுதியிருந்தாள். கோடு மேலே போனால் ரைஸ். கீழே வந்தால் ஃபால். அசையாமல் நேராகப் போனால் ஸ்டெடி. லேசாக இறங்கி உடனே ஏறினால் டிப்.

"கோடு எப்படிப் போகுதோ அப்படியே நீங்களும் போங்க. வேற எதுவும் பண்ணிராதீங்கப்பா" என்றாள். பாவம், அவள்தான் என்ன செய்வாள்!

அன்று மாலை ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றார் ஆவுடையப்பன். "நாம விக்கது அப்பளம். கோடு ஏறுனா எதுக்கு ரைஸுன்னு சொல்லணும்?"

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "சோறு இல்லாம வெறும் அப்பளத்தை யாராவது திங்காவளாவே? அப்பளம் ஏறுனா கூடவே சோறும் ஏறத்தானே செய்யும்."

"அப்போ ஃபாலுன்னா பாலு. பாயசத்துக்கா இருக்கும்" என்றார் சுடலைமுத்து.

"தப்பு. குத்தாலத்துல மெயின் ஃபால்ஸுன்னு போர்டு போட்டிருக்கான். அங்க பாலா கொட்டுது? தண்ணி விழுகு" என்றார் இசக்கிராஜ்.

சுடலைமுத்து மேசையின் உயரத்தைக் கண்ணால் அளந்தார்.

"அப்போ நாமளும் விழணுமோ?"

"கோட்டோட போகச் சொல்லிருக்காளே. விழுந்துதான் ஆகணும்" என்றார் அண்ணாச்சி.

இவ்வளவு விவரம் தெரிந்த இசக்கிராஜே விழுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். சுவரில் கிராஃப் தொங்கியது. சித்திரையில் கோடு ஏறியது. "ரைஸ்!" என்றார் அண்ணாச்சி. ஆவுடையப்பன் அண்டாவோடு வந்து, மேடம் முன்னால் இலை போட்டு ஆவி பறக்கச் சோற்றைக் கொட்டினார்.

வைகாசி முதல் ஆவணி வரை ஸ்டெடி. மாதத்துக்கு ஒரு நிமிஷம் வீதம் நால்வரும் நாலு நிமிஷம் அசையாமல் நின்றார்கள். மேடம் பயந்துபோய்க் கை தட்டிப் பார்த்தார். ஒருவரும் இமைக்கக்கூட இல்லை.

புரட்டாசியில் ஃபால். இசக்கிராஜ் மேசை மேலிருந்து விழுந்தார். ஐப்பசியில் அதைவிடப் பெரிய ஃபால். அவர் கோட்டை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுப் பீரோ மேல் ஏறினார்.

"ஐயோ, வேண்டாம் சார்!" என்று மேடம் கத்தினார்.

"எனக்கு மட்டும் ஆசையா மேடம்? கோடு விழுந்துட்டே" என்று சொல்லிக்கொண்டே குதித்தார். நல்லவேளையாகக் கீழே உளுந்து மாவு மூட்டை இருந்தது. மூட்டைக்குத்தான் சேதம்.

மேடம் கண்ணாடியில் படிந்த மாவைத் துடைத்தார். "போதும், போதும். போன வருஷம் நல்லாவே புரிஞ்சுது. இனிமே இந்தக் கோடு எங்க போகும்? மேல போகும்னாத்தான் ஆர்டர்."

நால்வரும் கோட்டின் நுனியைத் தேடிப் பார்த்தார்கள். பேப்பர் பங்குனியோடு முடிந்திருந்தது.

"பேப்பருக்கு அங்கிட்டு என்னவே இருக்கு?" என்று அண்ணாச்சி கிசுகிசுத்தார்.

"சுவரு."

"அதுக்கு மேல?"

"ஓட்டுக் கூரை."

"மேலதான் போகும் மேடம்!" என்று முழங்கிவிட்டு அண்ணாச்சி ஒரு கரித்துண்டை எடுத்தார். சுவரில் கோடு இழுத்தபடியே ஏணியில் ஏறினார். மற்ற மூவரும் பின்னாலேயே ஏறினார்கள். ஓட்டைப் பிரித்துக்கொண்டு கோடும் நால்வரும் கூரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கீழே மேடத்துக்குப் பசி. முன்னால் சோறு இருந்தது. அப்பளம் தேய்க்கும் பெண்களுக்குத் தலைவியான பேச்சியம்மாள் குழம்பு ஊற்றி, நாலு அப்பளம் பொரித்து வைத்தாள். மேடம் நாலையும் தின்றுவிட்டு இன்னும் இரண்டு கேட்டார். கையைக் கழுவியதும் ஆர்டரில் கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

"அண்ணாச்சி! ஆர்டர் கிடைச்சுட்டு! எறங்கி வாங்க!" என்று பேச்சியம்மாள் கூவினாள்.

கூரையில் ஒரே கூத்து. இசக்கிராஜ் அழுதேவிட்டார். ஆவுடையப்பன் சந்தோஷத்தில் ஏணியில் கால் வைத்ததும், அண்ணாச்சி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கவே எறங்குதீரு? எறங்குனா ஃபாலு! ஆர்டர் கையைவிட்டுப் போயிரும்!"

நால்வரும் ஓட்டின் மேல் உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். பசி வேறு. சுடலைமுத்துதான் வழி கண்டுபிடித்தார்.

"லேசா எறங்கி உடனே ஏறுனா அது டிப்புதானே அண்ணாச்சி? அதுல குத்தமில்லையே."

நேற்று அந்தப் பக்கம் போயிருந்தேன். கம்பெனி ஜோராக நடக்கிறது. ஏணியடியில் நாலு இலை போட்டிருந்தது. நால்வரும் சரசரவென்று இறங்கி, ஆளுக்கொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மென்றபடியே கூரைக்கு ஏறினார்கள். நான் கிளம்பும்போது ரசத்துக்குத்தான் வந்திருந்தார்கள். மோர் இன்னும் பாக்கி.