அங்கம்மாவும் பதிமூணு கோழியும்

ஒரு ஊர்ல ஒரு அங்கம்மா இருந்தா. அந்த அங்கம்மாவுக்கு ஒரு புருசன், ஒரு பொண்ணு, பதிமூணு கோழி. நான் சொல்லச் சொல்ல நீ "ம்" கொட்டணும். கொட்டலேன்னா கதை நடுவழியில நின்னுக்கும்.

ம்.

புருசன் பேரு தவசி. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ஞாயித்துக்கிழமை வருவான். பொண்ணு பேரு செவ்வந்தி, நாலு வயசு. அங்கம்மா பகல்ல அரிசி மில்லுக்குப் போவா. சாயங்காலம் வந்து கொல்லைப்பக்கம் நின்னு "பா... பா... பா..."ன்னு ஒரு கொரல் குடுத்தாப் போதும். தடதடன்னு பதிமூணும் ஓடிவரும். கொக்கொக்கொக்குன்னு காலைச் சுத்தும்.

அப்புறம் ஒரு கருங்கோழி குஞ்சு பொரிச்சுது. ஒம்போது குஞ்சு. பருந்து தூக்கிடுமேன்னு அங்கம்மா பஞ்சாரத்தை அடுப்பங்கரையிலயே கவுத்து வச்சா. கோழிக் கூடைன்னா தெரியும்ல, அதான் பஞ்சாரம். அப்போ செவ்வந்திக்குக் கொண்டாட்டம். குஞ்சைத் தூக்குவா, கன்னத்துல வச்சுக்குவா, மூக்கோட மூக்கு உரசி முத்தம் குடுப்பா. கீச்கீச்சுன்னு அது கத்தும். அதே கையால முறுக்கு எடுத்துக் கடிப்பா. அங்கம்மாவும் சும்மா இல்ல. கூட்டை வழிச்சு எச்சத்தை அள்ளிப் போட்டுட்டு, கையை முந்தானையில ஒரு தொடை தொடைச்சுட்டு மாவு பிசைவா.

ம்.

அப்போ ஒரு நாள் செவ்வந்திக்கு வயித்தால போச்சு. ஒரு தடவை, ரெண்டு தடவைன்னு இல்ல. குடுகுடுன்னு ஓடினா, பிற்பாடு ஓடவும் தெம்பில்ல. ஒடம்பு அனலாக் கொதிச்சுது. கண்ணு உள்ள போயிருச்சு. அங்கம்மா பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, செருப்பைக்கூட மாட்டாம ஆஸ்பத்திரிக்கு ஓடினா. அங்க கையில ஊசி குத்தி, சொட்டு சொட்டா மருந்துத் தண்ணி ஏத்தினாங்க.

நர்ஸம்மா கேட்டாங்க: "வீட்டுல கோழி வளக்குறியா?"

"வளக்குறேன். அதுக்கென்ன?"

"பிள்ளை கோழியைத் தூக்குமா?"

அங்கம்மாவுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. "எங்கோழி ஒண்ணும் சீக்குக்கோழி இல்ல. ஜம்முன்னு மேயுது."

"ஜம்முன்னுதான் மேயும். கோழி வயித்துல இருக்குற கிருமி கோழியை ஒண்ணும் பண்ணாது. எச்சத்தோட வெளிய வரும், இறகுல ஒட்டும், கையில ஏறும். பிள்ளை வயித்துக்குள்ள போனதுக்கப்புறம்தான் அது ஆட்டம் போடும்."

அங்கம்மா மூணு நாள் அந்தக் கட்டிலோரமே உக்காந்திருந்தா. நாலாம் நாள் செவ்வந்தி கண்ணைத் தொறந்து, "அம்மா, கஞ்சி"ன்னு கேட்டா. அப்போதான் அங்கம்மாவுக்கு மூச்சு வந்துச்சு.

ம்.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா பஞ்சாரத்தைத் தூக்கிக் கொல்லையில வச்சா. கூட்டுக்குப் பக்கத்துல ஒரு வாளித் தண்ணி, ஒரு சோப்பு. கோழியைத் தொட்டா கை கழுவாம வாசப்படி ஏறக் கூடாது. கூட்டுக்குப் போக ஒரு பழைய செருப்பு, அது வீட்டுக்குள்ள வரவே கூடாது. செவ்வந்தி கிட்ட, "குஞ்சைப் பாரு, ரசி. முத்தம் மட்டும் குடுக்காத"ன்னுட்டா.

ஆனா பாரு, ஒண்ணு கத்துக்கிட்டா இன்னொண்ணு விட்டுப்போகுது. சந்தையில ஒரு சேவலைப் பாத்தா. செக்கச்செவேல்னு கொண்டை. வாங்கியாந்து நேரா கூட்டுக்குள்ள விட்டுட்டா. புதுசா வந்த கோழியை ரெண்டு மூணு வாரம் தனியாக் கட்டிப்போட்டுப் பாக்கணும்னு அவளுக்கு யாரும் சொல்லல.

அஞ்சாம் நாள் அந்தச் சேவல் கழுத்தைத் திருகிக்கிட்டுச் சுத்துச்சு. வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சுது. பொழுது சாயுறதுக்குள்ள பொத்துன்னு விழுந்துச்சு. அடுத்த நாள் அஞ்சு கோழி. அதுக்கடுத்த நாள் கருங்கோழியும் அதோட குஞ்சுங்களும். அங்கம்மா "பா... பா..."ன்னு கூப்பிட்டா ஓடிவர ஆளில்ல. மிச்சம் இருந்த ஏழும் இறகை விரிச்சுப் போட்டு, தலையைத் தொங்கவிட்டு, கர்ர் கர்ர்ருன்னு மூச்சு இழுத்துச்சு. அதுங்களத் தூக்கித் தூக்கித் தண்ணி புகட்டுனதுல அங்கம்மாவோட ஒரு கண்ணு செவந்து நீர் வடிஞ்சுது.

ம்... அப்புறம்?

அப்புறம் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைக் கூட்டியாந்தா. அவங்க கையுறை மாட்டி, மூக்கை மூடிக்கிட்டுத்தான் கிட்டயே வந்தாங்க. "வெள்ளைக்கழிச்சல் மாதிரி இருக்கு. பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போறேன், முடிவு வந்தாத்தான் உறுதி. அதுவரைக்கும் வெறுங்கையால தொடாத. செத்ததை ஆழமாக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் பொதை. ஒன் கண்ணையும் பெரியாஸ்பத்திரியில காட்டு, கோழி சீக்குன்னு சொல்லியே காட்டு. மத்த வீட்டுக் கோழிக்கு உடனே தடுப்பு மருந்து போட்டாத்தான் தப்பும். நாளைக்கே மருந்தோட வரேன்"னாங்க.

அன்னிக்குன்னு பாத்துத் தவசி ஊர்லேருந்து வந்து எறங்கினான். கோழிங்களப் பாத்தான். "சாகத்தானே போகுது? சாகுறதுக்கு முந்தி ரெண்டை அறு. கொதிக்குற கொழம்புல எந்தக் கிருமி நிக்கும்?"

அங்கம்மா சொன்னா: "கொழம்புல சாகும். அறுக்குற கையில? இறகு பிடுங்குற மூஞ்சியில? அலசுற தண்ணியில? செவ்வந்தி கையில ஊசி குத்துனதை நீ பாக்கல. நான் பாத்தேன்."

தவசி சோத்துக்கு ரசத்தை ஊத்திக்கிட்டான்.

அப்போ டுர்ர்ருன்னு ஒரு வண்டி. கோழி வியாபாரி. "சீக்குன்னு கேள்விப்பட்டேன். பரவாயில்ல, நான் எடுத்துக்குறேன். சந்தையில தள்ளிவிட்டுருவேன்."

"என் சேவலும் அப்பிடித் தள்ளிவிட்டதுதான்யா. வண்டியைத் திருப்பு"ன்னா அங்கம்மா.

மூணாவதா வந்த ஆளு வெளியிலேருந்து வரல. அவ மனசுக்குள்ளேருந்தே வந்துச்சு. "கமுக்கமாப் பொதைச்சுட்டுச் சும்மா இரு. வெளிய சொன்னா ஒன்னாலதான் சீக்குன்னு தெருவே ஏசும்"னு அது சொல்லுச்சு. அங்கம்மாவுக்கும் அதுதான் நல்ல யோசனையாத் தோணுச்சு. பாய்ல படுத்தா. தூக்கம் வரல. வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுப் பேச்சியோட கோழிங்க கொக்கொக்குன்னு அடையிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ம்...

விடிஞ்சதும் குழாயடிக்குப் போனா. கொடத்தைக் கீழ வச்சா. "எல்லாரும் கேளுங்க. எங்கோழிக்குச் சீக்கு வந்துருச்சு. நான் சந்தையிலேருந்து கொண்டாந்த சேவலாலதான் வந்துச்சு. ஒங்க கோழியைக் கூட்டைவிட்டு வெளிய விடாதீங்க. என் வீட்டுப்பக்கம் மிதிச்ச காலோட ஒங்க கூட்டுக்குப் போகாதீங்க. டாக்டரம்மா இன்னைக்கு மருந்தோட வராங்க."

பேச்சிதான் மொதல்ல ஆரம்பிச்சா. பக்கத்து வீட்டுக்காரி, வாய்னா வாய். "ஆசைக்குச் சேவல் வாங்குனவ, அறிவை வாங்குனியாடி? எங்கோழி ஒண்ணு செத்துச்சு, ஒன் கூட்டையே கொளுத்திருவேன்!" அங்கம்மாவோட செவந்த கண்ணுல வடிஞ்சது சீக்குத் தண்ணியா அழுகைத் தண்ணியான்னு யாருக்கும் தெரியல.

ஏசிக்கிட்டே போனாலும் பேச்சி போய்க் கூட்டை அடைச்சா. தெருவே அடைச்சுது. டாக்டரம்மா வந்து, நல்லா இருந்த கோழிக்கெல்லாம் மருந்து போட்டாங்க. அங்கம்மா கோழி ஏழுல ஒண்ணும் தேறல. கையில பாலித்தீன் பையைச் சுத்தி, மூக்குல துணியைக் கட்டி, அவளும் தவசியும் ஆளாழத்துக்குக் குழி தோண்டிப் பொதைச்சாங்க. கூட்டைச் சொரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, வெயில்ல தொறந்து போட்டாங்க. கண்ணுக்கு மருந்து விட்டதுல ஒரு வாரத்துல செவப்பு போயிருச்சு.

மாசம் ஒண்ணு போச்சு. அந்தத் தெருவுல வேற எந்தக் கூட்டுலயும் கோழி விழல. அப்போ ஒரு சாயங்காலம் பேச்சி வந்தா. மடியில கீச்கீச்சுன்னு நாலு குஞ்சு.

"இந்தா. நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இதுங்களும் இருந்திருக்காது."

அங்கம்மா கை நீட்டப் போனா. நீட்டுன கையை இழுத்துக்கிட்டா. "இப்ப வேண்டாம்க்கா. கூடு இன்னும் ஒரு மாசம் காலியாக் கெடக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

பேச்சி அவளை ஒரு பார்வை பாத்தா. "சரிடி. அதுவரைக்கும் எங்கூட்டுலயே ஒன் கணக்குல மேயட்டும்"னு சொல்லிட்டு, குஞ்சுங்களை மடியில இறுக்கிக்கிட்டுத் திரும்பி நடந்தா. ரெண்டு எட்டு வச்சவ நின்னு, "கூட்டுக்கிட்ட வச்சிருக்கியே, அந்தச் சோப்பு எந்தக் கடையில வாங்குன?"ன்னு கேட்டா.

...ம் வரலையே? சரி சரி. கோழியும் அடைஞ்சாச்சு, கதையும் அடைஞ்சாச்சு, நீயும் கண்ணை அடைச்சுக்கோ.