மச்சுப்படியில் எடுத்த படம்

"அவனைப் போகச் சொல்லிருங்க சாமி. நான் இங்க இல்லன்னு சொல்லிருங்க."

சாமி மடத்து அடுக்களையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். நாரை விரலில் சுற்றி இழுத்தபடியே அம்பலவாணனிடம் கேட்டார்.

"வாசல்ல உக்காந்திருக்கது யாரு?"

"என் தம்பி குழந்தைவேலு. மகளுக்குக் கல்யாணமாம். பெரியப்பா நான் வந்து முன்னால நிக்கணுமாம்."

"நல்ல காரியந்தான ஓய்?"

"எந்த முகத்தோட நிக்க?"

அம்பலவாணன் சாமியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்து, அதை மூடிவிட்டுச் சீடனாக வந்து சேர்ந்தவர். தியானத்தில் உட்கார்ந்தால் அழுகைதான். ஏன் என்று சாமி ஒருநாளும் கேட்டதில்லை. தானாக வரட்டும் என்று விட்டுவிடுகிற ரகம் அவர்.

இன்றைக்கு வந்தது.

"அவன் காலை விந்தி விந்தி நடக்கான், பாத்தீங்கல்ல? அது நான் செஞ்ச வேலை. சின்னப் பிள்ளையில மச்சுப்படியிலேருந்து அவனைப் பிடிச்சுத் தள்ளிட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"அவன் அப்பத்தான் படியேறப் பழகின பிள்ளை. ஒண்ணும் ஞாபகமில்ல. பாவி எனக்கு இருக்கே!" தலையில் அடித்துக்கொண்டார். "நேத்து எடுத்த போட்டோ மாதிரி அப்படியே இருக்கு சாமி. ஒரு புள்ளி மங்கல."

சாமி கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டும், பாப்போம்."

"மேல்படியில நான் நிக்கேன். காக்கி டவுசர். ரெண்டு கையும் நீட்டினாப்புல இருக்கு. முகத்துல அப்படி ஒரு ஆங்காரம். தம்பி தலைகீழா விழுதான்."

"முகம் நல்லாத் தெரியுதோ?"

"பளிச்சுனு தெரியுது."

"உம்ம முகந்தான?"

"சந்தேகமே இல்ல."

"படம் எடுத்தவன் எங்க நிக்கான்?"

தொழில் பழக்கம். பதில் சட்டென்று வந்தது.

"கீழதான். படிக்கு நேர் எதிர்ல. அங்கேருந்து எடுத்தாத்தான் இப்படி…"

அம்பலவாணன் நிறுத்திவிட்டார்.

"கீழ யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. வீட்டுல நாங்க ரெண்டு பேருந்தான். அலறல் கேட்டுப் பெறகுதான் பெரியம்மா கொல்லையிலேருந்து ஓடி வந்தா. 'நீதானலே தள்ளுன'ன்னு கேட்டா. சாகுற வரைக்கும் வாறவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதையே சொல்லிக்கிட்டிருந்தா."

"அதென்ன ஓய், உம்ம கண்ணு எடுத்த படத்துக்குள்ள உம்ம முகமே எப்படி வந்துது?"

அம்பலவாணன் தன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"படியேறி மேல போம். அந்தப் பையனுக்குள்ள நின்னு, அவன் கண்ணால கீழ பாரும். என்ன தெரியுது?"

அவர் கண்ணை மூடினார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. சாமி எழுந்து தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"புளி வாசனை வருது சாமி. மச்சுல புளி போட்டிருந்தோம்."

"கை?"

"கை…" அம்பலவாணன் மூடிய கண்ணோடே முன்னால் துழாவினார். "கையைக் காணோமே! தம்பியையும் காணோம். ஒண்ணுமே இல்ல சாமி, ஒரே இருட்டு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று சுவரில் சாய்ந்தார். இத்தனை காலம் அப்படி அவர் சாய்ந்ததில்லை.

கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பயம் வந்துவிட்டது.

"அப்போ நான் தள்ளலையா சாமி?"

"எனக்கென்ன ஓய் தெரியும்? நான் அங்க இருந்தேனா?" சாமி கத்தியை எடுத்து அடுத்த தண்டை நறுக்க ஆரம்பித்தார். "உம்ம பெரியம்மாதான் இருந்தாளா?"

அம்பலவாணன் எழுந்தார். நடக்கவில்லை, ஓடினார்.

வாசலில் அவர் தம்பியை அதட்டுவது அடுக்களை வரைக்கும் கேட்டது.

"முகூர்த்தம் என்னைக்குலே? பெரியப்பன்காரனுக்கு முதல்லயே வந்து சொல்ல உனக்கு என்ன கேடு?"