பாதிப் பூவில் போன தேனீக்கள்

கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதனால் இதில் வரும் மூன்று பேரையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

எட்டயபுரத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டில் செவந்தி இரண்டு ஏக்கர் சூரியகாந்தி போட்டிருந்தாள். கணவன் இறந்து ஒன்பது வருடம், பிள்ளை இல்லை. தை மாதம் பூ விரியும் சமயத்தில் மார்த்தாண்டத்திலிருந்து ஞானதாசன் இருபது தேன்பெட்டிகளோடு வருவார். அவரும் மனைவியை இழந்தவர். அவள் வரப்பில் பெட்டிகளை வைத்துவிட்டு, பூ முடியும்வரை பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்குவார். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். செவந்தி மட்டும் எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை.

போன தையில் அவர் வரவில்லை. வேறோர் ஊரில் யாரோ பூச்சிமருந்து அடித்ததில் தேனீக்கள் செத்துப்போய் நாலு பெட்டிதான் மிச்சம் என்று ஆள்மூலம் செய்தி வந்தது. அந்த வருடமும் பூ தாம்பாளம் மாதிரி விரிந்தது. உதிர்த்துப் பார்த்தால் பாதி பொக்கு, உள்ளே பருப்பில்லாத வெறும் தோல். பதின்மூன்று மூட்டை காணும் நிலத்தில் ஏழுதான். தேனீ உட்காராத பூவில் மணி பிடிக்காது என்று ஊர் அப்போதுதான் அறிந்தது. செவந்தியை உறுத்தியது ரீங்காரம் இல்லாத வரப்பு.

இந்த வருடம் நாலைப் பன்னிரண்டாகப் பெருக்கிக்கொண்டு வந்தார். தாடி நரைத்திருந்தது.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"நீயுந்தான்" என்றார்.

அன்று அவள் இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.

மேற்குப் பாதி பூத்துவிட்டது. பிந்தி விதைத்த கிழக்குப் பாதி மொட்டாக இருந்தபோது பக்கத்துக் காட்டுக் கந்தவேல் வந்து நின்றான். அவன் பருத்தியில் காய்ப்புழு.

"மருந்தடிக்கணும்க்கா. தேனீ இருக்கேன்னு சொல்ல வந்தேன்."

சொல்ல வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை, சொந்தமும் இல்லை. யாரும் கேட்காமலே நாலு நாள் பொறுத்தான். அதற்குள் மூன்றில் ஒரு பங்கு காயைப் புழு துளைத்துவிட்டது. ஐந்தாம் நாள் காலை வந்து, "இனி தாங்காதுக்கா. நாளைக்கு அடிச்சிருதேன்" என்றான்.

ஞானதாசன் செவந்தியிடம் சொன்னார்: "ஊருக்கு ஏத்திட்டா, இந்தப் பூவுக்குத் திரும்பக் கொண்டார வண்டி வாடகை கட்டாது. பெட்டிய இங்கயே மூணு நாள் மூடி வைக்கேன். புழுக்கத்துல பாதி சாகும். சாகட்டும். கிழக்க பூக்காம நான் போகமாட்டேன்."

பூவுக்காக மட்டும் அவர் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்கத்தான் இரண்டு வருடம் காத்திருந்தாள். இருந்தும், "இன்னைக்கே வண்டி சொல்லிருங்க" என்றாள். பொழுது சாய்ந்து தேனீக்கள் அடைந்ததும் அவளே பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தாள். வண்டி ரோட்டில் ஏறி மறையும்வரை வரப்பிலேயே நின்றாள்.

அறுவடையில் மேற்கே மணி கெட்டியாக இருந்தது. கிழக்கே பாதி பொக்கு. மொத்தம் பத்து மூட்டை.

தன் பருத்தியைப் புழுவுக்கு விட்டுக் காத்திருந்த கந்தவேல், அருமையாக வளர்த்த தேனீக்களைச் சாகக் கொடுக்கத் துணிந்த ஞானதாசன், விளைச்சலையும் மனிதரையும் சேர்த்து அனுப்பிவைத்த செவந்தி. இவர்களில் பெரிதாக விட்டுக்கொடுத்தவர் யார்?

விடை: கந்தவேல். ஞானதாசன் துணிந்தது அவள் அருகில் இருக்கும் ஆசையால். அவர் எதையும் இழக்கவும் நேரவில்லை. செவந்தி அனுப்பியது, அடுத்த தையிலும் அவர் உயிருள்ள பெட்டிகளோடு வரவேண்டும் என்ற ஆசையால். கந்தவேலுக்கோ அந்த வரப்பில் எந்த ஆசையும் இல்லை. செவந்தியைக் கேட்டாலும் இதையேதான் சொல்வாள். சொல்லிவிட்டு, தை பிறக்க இன்னும் எத்தனை மாதம் என்று விரல்விட்டு எண்ணுவாள்.