மூன்று எடுத்துக்காட்டும் ஒரு துருக்கிக்காரரும்

கரூருக்குத் தெற்கே வெள்ளக்கரடு என்ற ஊரில் சென்னியப்பன், அங்கமுத்து, கொழந்தவேலு என்று மூன்று பங்காளிகள் சேர்ந்து துண்டு நெய்யும் பட்டறை வைத்திருந்தார்கள். துண்டு நன்றாகத்தான் இருக்கும். நெய்தது தறிதானே, இவர்கள் இல்லையே.

மூன்று மாதமாக ஆர்டர் கிடையாது. குடோனில் கூரைவரை துண்டு அடுக்கிக் கிடந்தது. தறியை விற்றுவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஏஜென்ட் ஜெகநாதன் போன் செய்தார்.

“துருக்கியில இருந்து எர்தால்னு ஒரு பெரிய வியாபாரி நாளன்னைக்கு வர்றாருங்க. என்னால கூட வர முடியாது. ‘மேக் யுவர்செல்ஃப் அட் ஹோம்’ங்கறதை மட்டும் அவர் பாஷையில சொல்லிப்போடுங்க, மனுசன் குளுந்து போயிருவாரு.”

அங்கமுத்து கரூர் முழுக்க அலைந்து, துருக்கி மொழி சொல்லித்தரும் பழைய புத்தகம் ஒன்றைப் பிடித்துவந்தான். முப்பத்தாறாம் பக்கத்தில் அந்த இங்கிலீஷ் இருந்தது. பக்கத்திலேயே துருக்கி: ‘கெந்தினிஸி எவினிஸ்தே ஹிஸ்ஸேதின்’. அதாவது, உங்கள் சொந்த வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ‘இதைத் தனியாகச் சொல்லிப் பயனில்லை, எடுத்துக்காட்டுகளோடு சேர்த்தே பழகவும்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு குறிப்பு. அதன் கீழே எடுத்துக்காட்டு மூன்று:

மழையில் நனைந்து வந்த விருந்தாளியிடம் இதைச் சொன்னேன்.

மடியில் பூனையோடு உட்கார்ந்திருந்த நண்பரிடம் இதைச் சொன்னேன்.

சிறையிலிருந்து வெளியே வந்த தம்பியிடம் இதைச் சொன்னேன்.

மூவரும் புத்தகத்தை மாறிமாறி வாங்கிப் படித்தார்கள்.

“மழைக்கு எங்கடா போறது? சித்திரை மாசம்” என்றார் மூத்தவர் சென்னியப்பன்.

“தோட்டத்துல ஓஸ் பைப் இருக்குதுங்கண்ணா” என்றான் அங்கமுத்து. “ஏஜென்ட்டும் குளுந்து போவாருன்னுதானே சொன்னாரு?”

“சரி. பூனை?”

“பூனை இல்லீங்க, ஆட்டுக்குட்டிதான் இருக்குது” என்றான் கொழந்தவேலு.

“ஆட்டுக்குட்டி வெச்சா அர்த்தம் மாறிராதா?”

கொழந்தவேலு யோசித்துப் பார்த்தான். “ரெண்டுக்கும் நாலு காலுதானுங்களே. பெரிசா மாறாதுங்க.”

சொன்ன நாளில் எர்தால் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளக்கிற ஷூ, நல்ல மீசை. காரை அனுப்பிவிட்டு, டிரைவரை மதியத்துக்கு மேல் வரச் சொன்னார். கும்பிடுவதற்குக் கையைக் குவித்தார். அந்த நேரம் பார்த்து அங்கமுத்து பைப்பைத் திறந்துவிட்டான்.

“நோ! நோ!” என்று அவர் அலறினார்.

“இன்னும் போதாதுங்கறாரு” என்றார் சென்னியப்பன். அங்கமுத்து முதுகுப் பக்கமும் நனைத்தான்.

சொட்டச் சொட்ட நின்ற மனிதரை நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்து, மடியில் ஆட்டுக்குட்டியை வைத்தார்கள். குட்டி அவர் டையைத் தின்ன ஆரம்பித்தது. அவர் டையின் மறுமுனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், குட்டி விடவில்லை. அப்படியே குட்டியோடு தூக்கி, குடோனுக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

“எத்தனை வருசம்னு புஸ்தகத்துல போட்டிருக்குதா?” என்றார் சென்னியப்பன்.

“போடலீங்க.”

“அப்ப ஒரு டீ குடிக்கற நேரம் போதும்.”

டீ குடித்துவிட்டு வந்து தாழ்ப்பாளைத் திறந்தார்கள். எர்தால் துண்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு. உடம்பில் பொட்டு ஈரமில்லை. ஆட்டுக்குட்டியையும் துடைத்துவிட்டிருந்தார், அது பஞ்சுமாதிரி உப்பிக் கிடந்தது. மூவரும் கையைக் கட்டிக்கொண்டு ஒரே குரலில் சொன்னார்கள்: “கெந்தினிஸி எவினிஸ்தே ஹிஸ்ஸேதின்!”

எர்தால் அவர்களைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இடுப்புத் துண்டைத் தட்டிக்காட்டி, “வெரி குட் டவல்! ஃபைவ் கண்டெய்னர்!” என்று ஐந்து விரலை விரித்தார்.

அப்புறம் வீட்டுக்குள் போய், சென்னியப்பன் மனைவி பாவாத்தாள் வைத்த கோழிக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, கட்டிலில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார். பங்காளிகள் மூவரும் வாசலிலேயே வெயிலில் நின்றார்கள்.

“ஏனுங்க, உள்ள வந்து சாப்புடுங்க” என்று பாவாத்தாள் கூப்பிட்டாள்.

“நீ கூப்புட்டா ஆச்சா புள்ள? உள்ள படுத்திருக்கற ஊட்டுக்காரர் கூப்புடோணுமல்லோ” என்றார் சென்னியப்பன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டு மணிக்குக் கார் வந்தது. எர்தால் மூவரையும் கட்டிப்பிடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

கொழந்தவேலுதான் முதலில் பதறினான். “அண்ணா, மனுசன் ஊட்டைப் பூட்டாம போயிட்டாருங்க!”

அடுத்தவர் வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு நிற்பது நியாயமா? கதவைச் சாத்தி, பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை அப்போதே குரியரில் துருக்கிக்கு அனுப்பிவிட்டு, பாரம் குறைந்த மனதோடு மூவரும் திரும்பி வந்தார்கள்.

உள்ளேயிருந்து ஜன்னலைப் படபடவென்று தட்டிக் கத்திக்கொண்டிருந்தாள் பாவாத்தாள்.

அங்கமுத்து பதறிப்போய் ஓடி, ஜன்னல் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னான்:

“சத்தம் போடாதீங்க அண்ணி. அடுத்தவங்க ஊடு.”