கீபோர்டு போன இடம்

இசக்கிமுத்து அண்ணாச்சி எங்கள் ஆபீசில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். சர்வர் வேலையும் கற்றுக்கொள்ளச் சொல்லி, ஜெஸிமாவிடம் சேர்த்துவிட்டார்கள். அவளுக்கு அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. ஆனாலும் அவர் "டீச்சர்" என்பார். அவள் "அண்ணாச்சி" என்பாள். பாளையங்கோட்டையில் இப்படி ஒரு குருகுலம் நடந்தது. நான் பக்கத்து மேசை.

அண்ணாச்சியின் ஒரே மகள் பொன்மாரி. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு ஷார்ஜா போய்விட்டாள். கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான். அவள் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டால் முதல் ஆளாகப் பார்ப்பார். பார்த்தது யாரென்று அவளுக்கும் தெரியும். அவளும் பேசவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. மனுஷன் ஏங்கியே பாதியாகிவிட்டார்.

அன்று காலை, மும்பை சர்வருக்குள் சாஃப்ட்வேராகவே ஓடும் ஒரு மெஷினை அவர் சரிபார்க்க வேண்டும். அதன் திரை இங்கே அவர் கம்ப்யூட்டரில் ஒரு ஜன்னலாகத் தெரிந்தது. உள்ளே விட, பெயர் கேட்டு நின்றது. அண்ணாச்சி 'ரூட்' என்று அடித்தார். எழுத்து விழவில்லை. மறுபடி அடித்தார். அடுத்த தடவை என் மேசையும் சேர்ந்து ஆடியது.

"ஏ அண்ணாச்சி, கீபோர்டு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றேன்.

"நீ சும்மா இருடே."

பிறகு குருவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், எல்லாம் தெரியுது. மவுஸ்கூட அசையுது. நான் அடிக்கிறது மட்டும் அங்க போய்ச் சேரமாட்டேங்கு. ஏன்?"

ஜெஸிமா வந்து பின்னால் நின்றாள்.

"இதுக்கு முன்னாடி எதுல அடிச்சீங்க?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணாச்சி..."

"சும்மா ஒரு மெசேஜ். முடிக்கல."

அவள் மவுஸை வாங்கி அந்த ஜன்னலைச் சற்று ஒதுக்கினாள். பின்னால் வாட்ஸப் திறந்திருந்தது. மேலே பொன்மாரியின் படம். கீழே, இன்னும் அனுப்பாத ஒரு வரி. மகளுக்கு அவர் தமிழில்தான் எழுதுவார். அதனால் எல்லாமே தமிழாக விழுந்திருந்தது.

'மாரி, சாப்பிட்டியா ரூட்ரூட்ரூட்'

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சியின் கண்ணைப் பார்த்ததும் போய்விட்டது.

"மவுஸ் கை போற பக்கம் போயிரும்," என்றாள் ஜெஸிமா. "கீபோர்டு அப்படி இல்ல. ஒரு ஜன்னல் பிடிச்சுக்கிட்டா, அது விடுற வரைக்கும் அங்கதான் நிக்கும். இவ்வளவு நேரமும் நீங்க அடிச்சது பூரா மகள்கிட்டதான் போயிருக்கு."

"எங்க போச்சு? நான்தான் அனுப்பலியே."

"ஏன் அனுப்பல?"

"தினமும் காலையில எழுதுவேன் டீச்சர். சாப்பிட்டியா வரைக்கும் வந்துரும். அவளே முதல்ல பேசட்டும்னு அழிச்சிருவேன்." மூக்கை உறிஞ்சினார். "படத்தைப் பார்த்தா போதும்னு இருந்தேன். போதல. அவ ஒரு தடவை 'அப்பா'ன்னு கூப்பிட்டா போதும் போல இருக்கு."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சரி, வேலையைப் பார்ப்போம். இதையும் அழிச்சு மூடிட்டா, கீபோர்டு இங்க வந்துரும்லா?"

"கீபோர்டு வந்துரும்," என்றாள் ஜெஸிமா. "நீங்க வருவீங்களா அண்ணாச்சி?"